கடைக்கு முன்னால் ஆறடி

சேலத்தில் கடைக்கட்டடம் கட்டுகிற இடத்துச் சொந்தக்காரர்களுக்கும், அவற்றுக்குப் பிளான் போடுகிற பொறியாளர்களுக்கும் கட்டடக்கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களோடு இதே தொழிலில் இருப்பவள். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு அஸ்தம்பட்டியில் ஒரு பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் தனியாக ஆபீஸ் போட்டு, மொத்தம் 23 வருடமாகச் சேலத்துக்குப் பிளான் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீடுகள்தான் அதிகம். கடைக்கட்டடங்களும் நாற்பதுக்கு மேல் இருக்கும். அதனால் வெளியில் நின்று குறை சொல்கிறவள் எழுதிய கடிதமாக இதைப் படிக்க வேண்டாம். கீழே சொல்லப்போகிற தப்புகளில் பாதி என் கையால் வரைந்தவை.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இனி நீங்கள் கட்டுகிற கடைக்கட்டடத்தில் தரைத்தளத்தின் முன்சுவரை ஆறடி உள்ளே தள்ளிப் போடுங்கள். மேல்தளங்கள் இப்போது போலவே முன்னால் வரட்டும். கீழே கிடைக்கிற அந்த ஆறடியைப் படி இல்லாமல், கம்பித் தடுப்பு இல்லாமல், பூந்தொட்டி இல்லாமல் தாழ்வாரமாக விட்டுவிடுங்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கம் நடந்து போகிற எல்லாரும் அதில் நடக்கட்டும். அடுத்த மனைக்காரர் கட்டும்போது அவர் தாழ்வாரமும் உங்களுடையதோடு ஒரே மட்டத்தில் வந்து சேரட்டும்.

மாநகராட்சிக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அந்த ஆறடி மாநகராட்சியிடம் இல்லை என்பதால்தான். 1994 ஜூன் 1-ஆம் தேதி நம் ஊர் மாநகராட்சி ஆனது. 2001 கணக்கெடுப்பில் 6,96,760 பேர், 2011-இல் 8,29,267 பேர். அதற்கப்புறம் எவ்வளவு கூடியிருக்கிறோம் என்பது சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு ரோட்டில் நின்றால் தெரிந்துவிடும். பழைய ஊருக்குள் தெருக்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று சாலைகளுக்கு அளவும் விதியும் வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸின் 103-ஆம் தொகுப்பு சொல்கிறது. கடைத்தெருவுக்கு அதைவிட அதிகம். 1.8 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஆறடி. நான் கேட்கிற ஆறடி அங்கிருந்து வந்ததுதான். சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் வண்டி போகிற இடத்தைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள். அங்கே குறுக்குவதற்குச் சாலை இருந்தது. நம் சின்னக்கடை வீதியில் எதைக் குறுக்குவது? இடம் மிச்சம் இருப்பது உங்கள் மனைக்குள்தான்.

இந்த ஆறடி எனக்குப் புதிதாகத் தோன்றிய யோசனை இல்லை. அப்பா அம்மாபேட்டையில் தறி போட்டிருந்தார். வீடு சின்னது. தறிக்குழி போக மீதியில்தான் சமையல், படுக்கை, எங்கள் படிப்பு எல்லாம். ஆனால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், வீட்டுக்குள் அடங்காது. அதை நீட்டுவதற்குத் தெரு வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், வாசலிலிருந்து தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, நடுநடுவே குச்சி கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கஞ்சி போட்டு, இழை ஒன்றோடொன்று ஒட்டுவதற்குள் இரண்டு பக்கமும் ஆள் நின்று தேய்த்துவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் பாவு போட்டாலும் எல்லாரும் கை கொடுப்பார்கள். நான் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். பால்காரர் சைக்கிளை இறக்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

இப்படிப் பாவு போடுவதற்கென்றே பொதுவாக விட்ட இடத்துக்குப் பாவடி என்று பெயர். தறிக்காரர்கள் இருந்த ஊர்களில் இந்தப் பெயரில் தெருவும் பள்ளிக்கூடமும் இன்றும் உண்டு. தறி அவரவர் வீட்டில், பாவடி எல்லாருக்கும். வீட்டுக்குள் நடக்கிற தொழிலுக்கு வெளியே ஒரு பொது இடம் வேண்டும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. கடைக்கும் அப்படி ஒரு பாவடி வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பழைய கடைத்தெருவில் அது இருந்தது. முதல் அக்ரஹாரம், இரண்டாம் அக்ரஹாரம் என்று தினமும் சொல்கிறோம். பெயரிலேயே இருக்கிறது, ஒரு காலத்தில் அவை குடியிருப்பு வீதிகள் என்று. அக்ரஹாரத்து மனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு குறுகல், உள்ளே நீளம், வாசலில் திண்ணை. வீடு கடையானபோது மனையின் அகலம் மாறவில்லை, திண்ணை மட்டும் கடைமேடை ஆனது. போன மாதம் ஒரு காலையில் பழைய கடைத்தெரு ஒன்றில் நடந்துபோகும்போது, நூறு எட்டு எடுத்து வைப்பதற்குள் எத்தனை வாசல் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் 19. ஜரிகை, பாத்திரம், வெற்றிலை, கொலுசு, நாட்டு மருந்து, மறுபடியும் கொலுசு. அன்று சாயங்காலமே, புதிதாக வந்திருக்கிற ஒரு பெரிய கடையின் முன்னால் அதே நூறு எட்டு நடந்தேன். வாசல் 1. மீதி முழுக்கக் கண்ணாடி, விளம்பரத் தட்டி, ஜெனரேட்டர், பார்க்கிங்குக்கு இறங்குகிற சரிவு. வெயிலில் அந்த நூறு எட்டை நடந்து முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் தூரம் கூடிப்போகிறது.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போவேன். நாங்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடைக்கு ஷட்டர் கிடையாது. எண் போட்ட பலகைகள்தான் கதவு. ஒன்று, இரண்டு என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். காலையில் கடைப் பையன் கடைசிப் பலகையை முதலில் உருவி எடுப்பான். எடுத்த பலகைகளை முன்னால் இரண்டு முக்காலி மேல் பரப்பினால் அதுவே மேடை. அதன்மேல் மிளகாய், மல்லி, ஜவ்வரிசி, கடலைப் பருப்பு என்று கோணிப்பைகள் வாய் திறந்து உட்காரும். ராத்திரி மேடை மறுபடியும் கதவாகிவிடும். அந்தக் கடைக்காரருக்குக் கட்டடக்கலை தெரியாது. ஆனால் தெருவுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு அடைத்துவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று தெரிந்திருந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பெரிய ரோடு ஒன்றில், 40 அடி முகப்பும் 80 அடி உள்நீளமும் கொண்ட கட்டடம் ஒன்றுக்குப் பிளான் போட்டேன். அந்த இடத்தில் அதற்கு முன் ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன் முன்தாழ்வாரத்தில் ஓர் அம்மா சாயங்காலம் தட்டுவடை செட் போடுவார். நான்கு அடி மேசை, இரண்டு தூக்கு, ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் பத்துத் தட்டுவடையை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பச்சைச் சட்னியைத் தொட்டு வைத்து, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் அள்ளிப் போட்டு, சிவப்புச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடையை மேலே வைத்து அழுத்துவார். அழுத்தும்போது உடையாமல், ஆனால் உள்ளே இருப்பது பிடித்துக்கொள்ளும்படி அழுத்துகிற அந்தக் கைப்பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை. மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தாழ்வாரத்துக்குள்தான் ஓடிவருவார்கள். இடத்தை அளக்கப் போன அன்றும் மழை. நானும் அங்கேதான் நின்றேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே இரண்டு செட் சாப்பிட்டேன்.

அப்புறம் ஆபீசுக்கு வந்து அந்தத் தாழ்வாரத்தை அழித்துவிட்டுப் பிளான் போட்டேன். உரிமையாளர் கேட்டது முழு உயரக் கண்ணாடி முகப்பு. தரை ரோட்டைவிட மூன்றடி உயரம், ஏழு படி, இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. படியில் யாரும் உட்காரக்கூடாது என்று ஓரத்தில் கூர் வைத்த பட்டை. அடித்தளத்தில் வாகன நிறுத்தம் என்று எழுதி, காருக்கும் டூவீலருக்கும் கட்டம் கட்டமாக வரைந்தேன். கட்டி முடித்து ஆறே மாதத்தில் அந்த அடித்தளத்தில் துணிப் பேல்கள் அடுக்கியாயிற்று. வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. வண்டி ஓரத்தை அடைத்ததும் நடக்கிறவர்கள் ரோட்டின் நடுவுக்குப் போனார்கள். நான் வரைந்த கட்டங்களுக்கு அடியில் என் கையெழுத்து இருக்கிறது.

அந்த அம்மாவைப் போன வருடம் பார்த்தேன். பின்பக்கச் சந்தில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், ஒரு குடைக்குக் கீழே மேசை போட்டிருக்கிறார். "முன்ன மாதிரி ஆள் வர்றதில்ல கண்ணு, இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்" என்றார். அந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்டது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதை ஊர் வியாபாரக் குழுவின் பரிந்துரையோடு முடிவு செய்ய வேண்டும், அந்தக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெருவோர வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது அது. அது அரசின் பொறுப்பு, உங்களுடையது இல்லை. ஆனால் நம் ஊர் வியாபாரத்தில் மூன்று மாதக் கடை என்று ஒன்று இருப்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. சித்திரை, வைகாசியில் மாம்பழம் வரும். மல்கோவா, இமாம்பசந்து, சேலம் குண்டு எல்லாம் கூடையில் வைக்கோல் போட்டு வந்து இறங்கும். அதை விற்க யாரும் ஐந்து வருட லீஸில் கடை எடுக்க மாட்டார்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகை. கோட்டையிலும் குகையிலும் அம்மாபேட்டையிலும் எலுமிச்சை, வேப்பிலை, வளையல், பொம்மை என்று தெருவே கடையாகிவிடும். ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும், தீபாவளிக்கு முன்னால் நைட்டியும் பெட்ஷீட்டும், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். இவை எல்லாம் மூன்று நாளுக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு மேசை போடுகிற இடம் கேட்கிற வியாபாரங்கள். மாம்பழக் கூடையைப் பார்த்து நின்றவர்தான் திரும்பி உங்கள் கடை வாசலையும் பார்க்கிறார். பெரிய கடை வந்தால் சின்னக் கடை போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. நடுவில் நின்று பேச இடம் இருந்ததால் அது நடந்தது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரியைத் தொடுகிறது. மலை சூழ்ந்த ஊர்தான். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பின் முன்னால் நின்றால் எந்த மலையும் உதவாது. கண்ணாடி உள்ளே விடுகிற சூட்டை ஏ.சி. வெளியே தள்ளுகிறது, அந்த ஏ.சி.யின் வெளிப்பெட்டி நடக்கிறவர் முகத்துக்கு நேராக ஊதுகிறது. தரைத்தளக் கண்ணாடி ஆறடி உள்ளே போய்விட்டால் நேர்வெயில் அதன்மேல் படுகிற நேரம் குறைகிறது. சாயங்காலச் சாய்ந்த வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும், அதற்கு ஒரு மூங்கில் தட்டி போதும். கரண்ட் பில் கட்டுகிறவர் நீங்கள், கணக்கு உங்களுக்கே புரியும்.

மேல்தளங்களின் முன்னால் ஜன்னலை எல்லாம் மூடி ஏ.சி.பி. ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அடிக்கிறோமே, அதை நிறுத்துங்கள் என்றும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். 2017 மே மாதக் கடைசியில் சென்னை தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது நினைவிருக்கும். புகை வெளியே போக வழியில்லாமல், தீயணைப்புக்காரர்கள் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. கடைசியில் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள். துணி அடுக்கிய மாடிக்கு ஜன்னல் இல்லாமல் ஷீட் அடிப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பிளான் போடுகிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உரிமையாளர் கேட்டார், நாங்கள் போட்டோம் என்று நாம் இனியும் சொல்லக்கூடாது.

சரி, ஆறடியின் விலையைப் பேசுவோம். நான் சொன்ன அதே கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். 40க்கு 80, தரைத்தளம் 3,200 சதுர அடி. முன்னால் ஆறடி விட்டால் போவது 240 சதுர அடி. நூற்றுக்கு ஏழரை. தரைத்தளத்துக்குத்தான் வாடகை அதிகம், அதில் ஏழரையை விடச் சொல்கிறாயே என்று உரிமையாளர்கள் என்னிடம் நேரிலேயே கோபப்பட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இப்போது அந்த 240 சதுர அடியில் என்ன இருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் நாலு பொம்மை, ஒரு வரவேற்பு மேசை, செருப்பு ஸ்டாண்டு. பொம்மையைத் தாழ்வாரத்தை ஒட்டி வையுங்கள். நிழலில் நின்று பார்க்கிறவருக்குக் கண்ணாடி பளிச்சென்று கூசாமல் உள்ளே இருப்பது தெரியும். மழை வந்தால் ஐம்பது பேர் உங்கள் கடை வாசலில் கால் மணி நேரம் நிற்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தை வேறு எந்த விளம்பரத்தில் வாங்க முடியும்?

டூவீலரைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஏற்றுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. சக்கர நாற்காலி போகிற அகலம் விட்டால் ஸ்கூட்டரும் போகும். தூண் வைத்தோ சங்கிலி போட்டோ இதைத் தடுத்துவிட முடியாது, ஆள்தான் தடுக்க வேண்டும். உங்கள் வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார். நிழலுக்கு ஒதுங்குகிறவர்களை எழுப்பிவிடுவது இப்போது அவர் வேலையாக இருக்கிறது. அதற்குப் பதிலாக வண்டியை அடித்தளத்துக்கு அனுப்புவது அவர் வேலையாக இருக்கட்டும். அதற்கு முதலில் அடித்தளத்தில் இருக்கிற பேல்களை எடுக்க வேண்டும்.

படியைப் பற்றி ஒரு வார்த்தை. என் அம்மாவுக்கு இப்போது 74 வயது. கடைவீதிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுவார். போன தீபாவளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மட்டம். ஒரு கடை மூன்று படி, அடுத்தது சாக்கடை மேல் போட்ட கருங்கல் பலகை, அடுத்தது வண்டி ஏற்றுவதற்கு வழவழப்பாக டைல் ஒட்டிய சரிவு. நாலு கடை ஏறி இறங்கியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ போய் வாங்கிட்டு வா பாப்பா, நான் இங்கயே நிக்கறேன்" என்றார். நிற்பதற்கும் இடம் இல்லை. ஒரு பைக்கின் சீட்டில் சாய்ந்துகொண்டு நின்றார். சாய்தளம் என்றால் ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பிளானில் அப்படித்தான் வரைகிறோம். இடத்தில் போய்ப் பார்த்தால் ஓரடிக்கு மூன்றடி. சக்கர நாற்காலி அதில் ஏறாது, ஏறினால் நிற்காது.

அந்தச் சரிவுகள் எல்லாம் சாக்கடை மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சேர்வராயன் அடிவாரத்திலிருந்து வருகிற திருமணிமுத்தாறு நம் ஊருக்கு நடுவில்தான் போகிறது. ஐப்பசியில் ஒரு ராத்திரி கனமழை பெய்தால் பச்சப்பட்டி, கிச்சிப்பாளையம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசல் அகலத்துக்குக் காங்கிரீட் போட்டு மூடிய சாக்கடையைத் தூர் வார எங்கே கை விடுவது? தாழ்வாரத்தின் தரை ரோட்டோர மட்டத்திலேயே இருந்தால், சாக்கடை மேல் எடுத்து வைக்கிற மாதிரி சிலாப் போட்டாலே போதும். சரிவே வேண்டாம்.

ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறந்தபோது, அதன்மேல் போகிற வண்டி நம் கடைக்கு நிற்காது என்று அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் கவலைப்பட்டார்கள். பாலத்தின் மேல் போகிறவர் ஓமலூரையோ ஜங்ஷனையோ நினைத்துக்கொண்டு போகிறவர். உங்கள் வாடிக்கையாளர் கீழே நடக்கிறவர்தான். பழைய பேருந்து நிலையமும் இப்போது இரண்டு அடுக்காகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்கள் காலால்தான் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் கால் வைக்கிற இடத்தைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தாழ்வாரம் வைத்தால் கட்டடம் பழசாகத் தெரியும், சேலம் பெரிய ஊராக வளர்கிறபோது இப்படியா என்று ஓர் இளம் கட்டடக்கலைஞர் என்னிடம் கேட்டார். அவர் வரைந்த முகப்பு ஒன்று நிஜமாகவே அழகாக இருந்தது. ஆனால் அதே முகப்பைப் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பார்க்கலாம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். டி. ஆர். சுந்தரம் தொடங்கிய, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டூடியோ. தளங்கள் எல்லாம் போய்விட்டன. நுழைவு வளைவு ஒன்றுதான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்காமலே சொல்லிவிடக்கூடிய முகப்பு அது. மதுரைப் புது மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் எத்தனையோ காலம் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூணும் நிழலும் வியாபாரமும் சேர்ந்திருப்பது நம் பக்கத்தில் ரொம்ப நாள் பழக்கம். தாழ்வாரத்தின் தூணை எதில் செய்வது, எவ்வளவு இடைவெளியில் நிறுத்துவது, கூரையின் அடிப்பக்கம் என்ன, ராத்திரி விளக்கு எங்கே என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்தத் தம்பியின் திறமைக்கு வேலை இருக்கிறது. கண்ணாடியைவிட இதில்தான் அதிக வேலை இருக்கிறது.

நான் என் பங்குக்கு ஒன்றைச் செய்திருக்கிறேன். போன தை மாதத்திலிருந்து என்னிடம் வருகிற கடைக்கட்டடங்களுக்கு ஆறடித் தாழ்வாரத்தோடு ஒரு பிளானும் சேர்த்தே போட்டுக் காட்டுகிறேன், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. இதுவரை ஐந்து பேருக்குக் காட்டினேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் நாலடி விடுகிறேன் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் சரி என்றார். அவர் அப்பாவுக்கு அதே இடத்தில் வெள்ளிப் பட்டறை இருந்ததாம், வேலைக்கு நடுவில் எல்லாரும் திண்ணையில் வந்து உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். அஸ்திவாரம் முடிந்து இப்போது தூண் எழும்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மனைக்காரரும் அடுத்த வருடம் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் பிளான் போடுகிறவர் உங்களில் யாராவது ஒருவராகத்தான் இருப்பீர்கள். தயவு செய்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். இரண்டு தாழ்வாரமும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும், தரை அளவை உங்களுக்குக் கொடுக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன்னால், முதல் அக்ரஹாரத்தின் முனையில் நிற்பேன். அங்கிருந்து பழைய பேருந்து நிலையம் வரை ஒரு பக்கமாக நடந்து, ஒவ்வொரு கடை முன்னாலும் எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை படி, எந்த மட்டம் என்று அளந்து குறித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இடத்துச் சொந்தக்காரர்களும் வாருங்கள், பொறியாளர்களும் வாருங்கள். டேப்பும் சாக்பீஸும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையில் பிறந்து, அஸ்தம்பட்டியில் பிளான் போடுகிற ஒருத்தி